முதன்முறையாக இமயத்தில் கூடாரம் அடித்து நடக்க ஹர் கி தூன் ஏற்றதா?

கேட்கப்பட்ட கேள்வி இது. ஐம்பது வயதை ஒட்டிய தம்பதி. கணவர் வெள்ளியங்கிரிக்கு இரண்டு முறை ஏறியிருக்கிறார், மனைவிக்குத் தினமும் காலையில் நடக்கும் பழக்கம் உண்டு. இமயமலையின் அடிவாரத்தில், மலைக் கிராமங்கள் வழியாக, வழிகாட்டியுடன் கூடாரங்களில் தங்கி ஒரு வாரம் நடந்து வர விரும்புகிறார்கள். எங்கே போகலாம், எப்படிப்பட்டவர்களுடன் போகலாம், உடல் தாங்குமா?

போகலாம். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கும் ஹர் கி தூன் பள்ளத்தாக்கைத்தான் முதல் பயணமாகச் சொல்வேன். அதற்கும் அடிவாரமான சாங்க்ரி என்ற ஊரிலிருந்து ஏறும் கேதார்காந்தா சிகரம் இப்போது அதைவிடப் பெயர் பெற்றது என்பதும், டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே திருவிழாக் கூட்டம் கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அது ஏறி, உச்சியில் படம் எடுத்து, இறங்கி வரும் பயணம். வழியில் ஊர் கிடையாது. ஹர் கி தூன் வழியோ நூற்றாண்டுகளாக மனிதர்களும் ஆடுகளும் கோவேறு கழுதைகளும் நடந்த வழி. ஆற்றங்கரையை ஒட்டியே செல்லும் அந்தப் பாதையில் உயரம் மெல்லக் கூடுவதால், முதல் முறை வருபவரின் உடலுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

அடிவாரம் என்ற சொல்லைப் பற்றி முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். இமயத்தின் உண்மையான அடிவாரம் சிவாலிக் குன்றுகள். அவை பெரும்பாலும் 1,500 மீட்டருக்குள் அடங்கிவிடும். சிவாலிக்குக்கும் அதற்கு வடக்கே எழும் முசௌரி மலைத்தொடருக்கும் இடையே கிடக்கும் பள்ளத்தாக்கில்தான் டேராடூன் நகரம் இருக்கிறது. தூன் என்றாலே பள்ளத்தாக்கு. ஹர் கி தூன் அதற்கும் வெகு வடக்கே, சிறு இமயம் முடிந்து பேரிமயம் தொடங்கும் விளிம்பில், ஏறத்தாழ 3,566 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், அடிவாரப் பயணம் என்று விளம்பரத்தில் எழுதுவது எவ்வளவு அடக்கமான சொல் என்பது புரியும்.

டேராடூனிலிருந்து முசௌரி, நௌகாவ்ன், புரோலா, மோரி, நேத்வார் வழியாகச் சாங்க்ரிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சமவெளிக் கணக்கில் நான்கு மணி நேரம் என்று நினைக்க வேண்டாம். ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும், வளைவுகளில் வயிறு புரட்டுபவர்கள் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. நேத்வாரில் ரூபின் ஆறும் சூபின் ஆறும் கூடி டோன்ஸ் என்ற பெயரில் இறங்கி, பிறகு யமுனையில் கலக்கின்றன. அங்குள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோவிந்த் வனவிலங்கு சரணாலயம். 1955-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது, பனிச்சிறுத்தைகள் வாழும் இடம். பெயர்ப் பதிவும் கட்டணமும் இங்கேதான். சாங்க்ரி ஏறத்தாழ 1,920 மீட்டர், அதாவது நம் உதகையைவிடத் தாழ்வு. எனவே முதல் இரவு யாருக்கும் மூச்சு முட்டாது.

மறுநாள் ஜீப்பில் தாலுகா வரை சென்று அங்கிருந்து நடக்கத் தொடங்குவது வழக்கம். (தாலுகா என்பது ஊரின் பெயரே, வட்டாட்சியர் அலுவலகத்தைத் தேட வேண்டாம்.) சாலை ஆண்டுதோறும் உள்ளே நீண்டுகொண்டிருப்பதால், பழைய பயணக் குறிப்புகளில் முதல் நாள் நடை என்று எழுதப்பட்டிருக்கும் பகுதியில் இன்று வண்டித் தடம் இருக்கக்கூடும், பதிவு செய்யும் முன்பே எங்கிருந்து நடை தொடங்கும் என்று கேட்டுவிடுங்கள். சூபின் ஆற்றை ஒட்டி அக்ரூட் (வால்நட்), தேவதாரு மரங்களின் நிழலில் நடந்தால் எதிர்க்கரையில் கங்காட் கிராமம் தெரியும். அதைத் தாண்டி ஓஸ்லாவும், ஆற்றுக்கு மறுபுறம் சீமாவும். ஓஸ்லா நம் தொட்டபெட்டாவுக்குச் சற்றேறக்குறைய இணையான உயரம். அதற்கு மேலே ஊர் கிடையாது. பிறகு கல்கத்தியாதார் என்ற திறந்த மேட்டைக் கடந்து, வெண்பட்டை உரியும் பூர்ஜ (பிர்ச்) மரங்கள் நிற்கும் சரிவுகளின் வழியே பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் எதிரே 6,252 மீட்டர் உயரமுள்ள சுவர்க்காரோகிணி நிற்கிறது. தருமரும் அவருடைய நாயும் கடைசியாக ஏறிச் சென்ற மலை இதுதான் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

இந்தப் பயணத்தின் செல்வம் சிகரத்தில் இல்லை, ஊர்களில் இருக்கிறது என்பது என் கருத்து. அங்குள்ள வீடுகள் தேவதாரு மரத்தாலும் கல்லாலும் அடுக்கிக் கட்டியவை. கீழ்த்தளத்தில் மாடும் ஆடும், மேல்தளத்தில் மனிதர்கள்; குளிர்காலத்தில் கால்நடைகளின் உடற்சூடு பலகையின் வழியே மேலே ஏறுகிறது. தானியக் குதிர்களை வீட்டிலிருந்து சற்றுத் தள்ளித் தனியே கட்டியிருப்பார்கள். வீடு எரிந்தாலும் சோறு மிஞ்ச வேண்டும் என்பதே காரணம், அது வெறும் அச்சமும் அன்று. சாங்க்ரிக்கு அருகிலுள்ள சாவணி கிராமத்தில் 2018-ல் தீப்பிடித்து வீடுகள் வரிசையாக எரிந்தன. எனவே ஊருக்குள் சிகரெட் பற்ற வைக்காதீர்கள் என்று வழிகாட்டி சொன்னால் அதை ஒழுக்கப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செப்டம்பர் கடைசியில் சென்றால் படிக்கட்டு வயல்கள் முழுவதும் செக்கச் சிவந்த கதிர்களாக இருக்கும். அது நம் தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்த சௌலாய். கீரைக்காக அன்றி விதைக்காக வளர்க்கிறார்கள். பக்கத்து வயலில் மண்டுவா என்று காட்டுவார்கள். உற்றுப் பார்த்தால் நம் கேழ்வரகு. அதில் ரொட்டி தட்டி, வீட்டு நெய் தடவிக் கொடுத்தபோது, இது எங்கள் ஊரில் களியாகவும் கூழாகவும் ஆகிறது என்று நான் அரைகுறை இந்தியில் சொன்னதை அந்த வீட்டுப் பெரியம்மா நம்பவே இல்லை. ஆண்கள் பேசிக்கொண்டே, நடந்துகொண்டே தக்களியில் ஆட்டு உரோமத்தை நூற்றபடி இருப்பதைப் பாருங்கள். கை ஓய்ந்திருக்கும் மனிதரைக் காண்பது அரிது.

கங்காட்டைத் தாண்டிய பின் கராட் எனப்படும் நீராலை ஒன்றுக்குள் நுழைந்து உட்கார்ந்தேன். ஓடையிலிருந்து குடைந்த மரத்தின் வழியாக நீர் சாய்வாகப் பாய்ந்து, தரைக்கு அடியில் படுக்கையாகச் சுழலும் மரச் சக்கரத்தின் இதழ்களில் அறைகிறது; அதன் அச்சு நேராக மேலேறி எந்திரக்கல்லைச் சுழற்றுகிறது. கல்லின் மேல் தலைகீழ்க் கூம்பாகத் தொங்கும் கூடையில் தானியம். அந்தக் கூடையோடு பிணைத்த ஒரு குச்சி சுழலும் கல்லின் மேல் சும்மா கிடக்கிறது. கல் சுழலச் சுழல அது தடதடவென்று துள்ள, அந்த அதிர்வில் தானியம் சிறிது சிறிதாகக் கல்லின் கண்ணுக்குள் உதிர்கிறது. கல் வேகமாகச் சுழன்றால் தானியமும் வேகமாக விழும், நின்றால் நின்றுவிடும். அளக்க ஆள் வேண்டியதில்லை. குழுவினர் இரண்டு நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அரை மணி நேரம் அங்கேயே இருக்க விட்டவர் எங்கள் வழிகாட்டி. மாவரைக்க வந்திருந்தவர் அவருடைய உறவினராம்.

ஓஸ்லாவில் ஒரு பழைய மரக்கோயில் உண்டு. அது துரியோதனன் கோயில் என்று பல வழிகாட்டிப் புத்தகங்களில் படிப்பீர்கள். ஊராரைக் கேட்டால் சோமேசுவரர் என்பார்கள், துரியோதனன் பேச்சை அவர்கள் அவ்வளவாக விரும்புவதும் இல்லை. ஊர் சொல்வதை ஏற்றுக்கொள்வதே மரியாதை. பதினெட்டாம் போர் முடிந்து மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பதைத் திரௌபதி அம்மன் கோயில்களில் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் செய்தி சுவையாக இருக்கலாம். ஆனால் அதைக் கோயில் வாசலில் நின்றுகொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. வெளியூரார் உள்ளே செல்ல அனுமதியில்லை என்றால் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு நகருங்கள். முகத்தைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் வீச வேண்டாம். அப்படிப் பழக்கியதன் விளைவாகத்தான் இன்று நடப்பவர் பின்னாலேயே கைநீட்டி ஓடிவருகிறார்கள்.

இனி உடலைப் பற்றி. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை ஒரே இரவில் ஏறி இறங்கிய கால்களுக்கு இந்தப் பாதையின் எந்த ஒரு நாளும் பெரிய சோதனை அன்று. நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை, ஐந்தாறு மணி நேரம். வெள்ளியங்கிரி சோதிக்காத ஒன்றை இது சோதிக்கும். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. தண்ணீரும் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேகாது. சமையல் கூடாரத்திலிருந்து குக்கர் விசில் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம். உடலும் அந்த அரிசியைப் போலத்தான், அவசரப்படுத்தினால் பக்குவமாகாது. 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். வயது, உடற்பயிற்சி எதுவும் காப்பு அன்று, சொல்லப்போனால் வேகமாக ஏறும் வலுவுள்ள இளைஞர்களே பெரும்பாலும் முதலில் விழுகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவது மருத்துவர்கள் சொல்லும் அளவு. தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். நடை தள்ளாடினாலோ, ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, அது இரவு இரண்டு மணியானாலும் இறங்கத்தான் வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதற்கு உதவும், ஆனால் சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கும் சில நோய்களுக்கும் அது ஆகாது என்பதால் உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்தக் கூடாது. சாங்க்ரியை விட்டபின் மதுவையும் தூக்க மாத்திரையையும் தொடக் கூடாது.

அதனால்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். வழி காட்டுவது அவருடைய வேலையில் சிறு பகுதி. ஹர் கி தூனுக்குப் போகும் பாதையை ஆறே காட்டிவிடும். எனக்கு அமைந்தவர் சாங்க்ரிப் பக்கத்தைச் சேர்ந்தவர், அறுபதை நெருங்குபவர், பேச்சு குறைவு. இரவு உணவின்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், தட்டைப் பார்ப்பார். மூன்றாம் இரவு ஒருவர், வயிறு நிறைந்துவிட்டது என்று பாதிச் சோற்றை ஒதுக்கினார். வழிகாட்டி எதுவும் சொல்லாமல் தட்டை வாங்கிக்கொண்டு போனார், பத்து நிமிடம் கழித்து வந்து அந்த நண்பரின் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, தலை வலிக்கிறதா என்று கேட்டார். வலித்தது. காலையில் அவரை உதவியாளர் ஒருவருடன் ஓஸ்லாவுக்கு இறக்கிவிட்டு, நாங்கள் மேலே போனோம். மாலையில் திரும்பியபோது நண்பர் ஒரு வீட்டுத் திண்ணையில் ராஜ்மா உரித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. வேறொரு மலையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனம் எங்களோடு அனுப்பிய இளைஞர் அந்தப் பாதையில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் நடந்தவர் என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. மழை வலுத்தபோது ஓடைப் படுகையை ஒட்டிய மணல் திட்டில் கூடாரம் அடிக்கச் சொன்னார், தரை சமமாக இருக்கிறதே என்று. சமையற்காரர் உள்ளூர்க்காரர், அவர் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பேசாமல் மேட்டில் ஏறிவிட்டார், நாங்களும் அவர் பின்னால் போனோம். விடியலில் அந்தத் திட்டு தண்ணீருக்குள் இருந்தது.

ஆகவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: வழிகாட்டி அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவரா, இந்தப் பாதையில் எத்தனை ஆண்டுகள் நடந்திருக்கிறார், உத்தரகாசியில் 1965 முதல் இயங்கும் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் போன்ற இடத்தில் பயின்றவரா, முதலுதவி தெரியுமா, குழுவில் எத்தனை பேருக்கு ஒருவர். ஆக்சிஜன் உருளை இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு இறங்க ஆள் இருக்கிறாரா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. சுமை தூக்குபவர்கள் எங்கே உறங்குவார்கள், அவர்களுக்குக் காப்பீடு உண்டா என்றும் கேளுங்கள். பிற நிறுவனங்களைவிட மிக மலிவாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மிச்சம் பிடிக்கிறார்கள். திரும்பிப் போகலாம் என்று வழிகாட்டி சொன்னால் விவாதிக்காதீர்கள். 2024 ஜூன் மாதத்தில், இதே உத்தரகாசி மாவட்டத்தின் சஹஸ்ர தால் பாதையில், கர்நாடகத்திலிருந்து சென்ற 22 பேர் குழுவில் 9 பேர் பனிப்புயலில் உயிரிழந்தார்கள். அது ஹர் கி தூனைவிட உயரமான, கடினமான பாதைதான். ஆனால் மாதம் ஜூன் என்பதைக் கவனியுங்கள்.

முகாம் வாழ்க்கையைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன். இருவருக்கு ஒரு கூடாரம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, முழங்காலில் நின்றுதான் உடை மாற்ற வேண்டும். அக்டோபர் இரவில் உங்கள் மூச்சின் ஈரமே கூடாரத்தின் உட்புறத்தில் உறைந்து, காலையில் யாராவது துணியைத் தட்டினால் முகத்தில் தூளாக விழும். அந்த நேரத்தில் வாசல் ஜிப்பைத் திறந்து தகரக் குவளையில் இஞ்சித் தேநீரை நீட்டும் சமையல் உதவியாளரைப் போல வேண்டியவர் உலகில் வேறு யாரும் இல்லை. கழிப்பிடம் என்பது தரையில் வெட்டிய குழி, அதைச் சுற்றி ஒரு ஒல்லிக் கூடாரம், பக்கத்தில் மண் குவியலும் ஒரு கரண்டியும். பயன்படுத்தியபின் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். இந்திய முறையில் குந்தி உட்காரக் கால் வராதவர்கள் ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள், நடைப்பயிற்சியைவிட இதுதான் பலருக்குச் சிரமமாகிறது. குளிப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். ஈரத் துடைப்பான்களைப் பயன்படுத்தினால் அவற்றைத் தனிப் பையில் போட்டுக் கீழே கொண்டு வாருங்கள், அவை மக்காது.

ஹர் கி தூன் புல்வெளியிலேயே உறங்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயர்மலைப் புல்வெளிகளான புக்யால்களில் இரவு தங்கக் கூடாது என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மிதிபட்ட புல் மீண்டும் முளைக்க அந்தக் குளிரில் ஆண்டுகள் ஆகும் என்பதால் அது நியாயமானதும்கூட. பல குழுக்கள் கீழே முகாமிட்டு, பகலில் மேலே சென்று திரும்புகின்றன. உயரத்தில் நடந்துவிட்டுத் தாழ்வில் உறங்குவது உடலுக்கும் நல்லதென்பதால் இதில் உங்களுக்கு இழப்பில்லை.

காலம் என்று பார்த்தால் ஏப்ரல் பின்பாதி முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர் பின்பாதி முதல் நவம்பர் தொடக்கம் வரையும் பொருந்தும். முன்னதில் புரான்ஷ் (ரோடோடெண்ட்ரான்) மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும், மேலே மிச்சப் பனி கிடக்கும். பின்னதில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், வயலில் அறுவடை நடக்கும். இரண்டில் எது என்றால் எனக்குப் பின்னதுதான். ஜூலை, ஆகஸ்டில் மலைச்சரிவுகள் சாலையிலேயே உங்களை நிறுத்திவிடும்.

ஆடைப் பட்டியலை நிறுவனமே அனுப்பும். அதில் இல்லாதவற்றை மட்டும் சொல்கிறேன். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயவே காயாது, நின்ற இடத்தில் நடுங்க வைக்கும். காலணியை இரண்டு மாதம் முன்பே வாங்கி ஊரில் நடந்து கால்களுக்குப் பழக்குங்கள். கைத்தடி இரண்டாக இருக்கட்டும். ஐம்பது வயது முழங்கால்கள் முறையிடுவது ஏறும்போது அன்று, கடைசி இரண்டு நாள் இறங்கும்போது. மூன்று மாதம் வாரத்துக்கு நான்கு நாள் மாடிப்படி ஏறி, அதைவிட நிதானமாக இறங்கிப் பழகினால் போதும்.

சாங்க்ரிக்கு அப்பால் கைபேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள், பணத்தை டேராடூனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நாளுக்கும் டேராடூனிலிருந்து புறப்படும் ரயிலுக்கோ விமானத்துக்கோ இடையில் ஒரு முழு நாளாவது விட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். புரோலாவுக்குக் கீழே எங்காவது பாறை சரிந்து சாலை அடைபட்டால் பொக்லைன் வரும்வரை தேநீர்க் கடையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், நான் ஒரு முறை அப்படிப் பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.